பார்சலக்காவின் மூக்கு

தராசில் வைப்பதற்கு முன்னால் பார்சலை ஒரு முறை முகத்தருகே கொண்டுபோவாள். பார்க்கிறவர்களுக்கு, விலாசத்தைக் கிட்டத்தில் வைத்துப் படிக்கிறாள் என்று தோன்றும். விலாசம் படிக்க அவளுக்குக் கண்ணாடி உண்டு. அது கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். இது வேறு. ஒரே ஒரு இழுப்பு. "செருப்பா? அசல் தோலு. உள்ள ஒரு பிளாஸ்டிக் பை போட்டிருக்கலாம்ல, வழியில மழை பேஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்பாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர், பார்சலில் எங்காவது கிழிசல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். கிழிசல் இருக்காது.

தபால் அலுவலகத்தின் நான்காம் நம்பர் கவுண்டரில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். சோப்பு, மருந்துத் தைலம், புதுப் புத்தகம், பழைய கம்பளி எல்லாம் அட்டைப் பெட்டிக்குள்ளிருந்தே அவளிடம் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஒருமுறை 'இயந்திர உதிரிபாகம்' என்று எழுதிய பெட்டியை வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள். "உதிரிபாகம் சரி. அதைச் சுத்தியிருக்கிற துணியில மண்ணெண்ணெய் இருக்கு. துடைச்சுட்டு வேற துணி சுத்திக் கொண்டு வாங்க." கொண்டு வந்தவர் மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார். ஊழியர்களும் சரி, வாடிக்கையாளர்களும் சரி, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பார்சலக்கா, அவ்வளவுதான்.

வீட்டிலும் அந்த மூக்கு வைத்ததுதான் சட்டம். அவள் கணவர் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர். சாயந்திரம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு ஜன்னல் கம்பி அடிச்சீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஜன்னல் கம்பிதான் அடித்திருப்பார். அவர் சிகரெட்டை விட்டதுகூட டாக்டர் சொல்லியோ, மனைவி கெஞ்சியோ அல்ல. ஒளித்துக் குடித்து ஒவ்வொரு தடவையும் வாசற்படியிலேயே பிடிபட்டு, மானம் போனதால்தான் விட்டார்.

சமையலில் அவளுக்கு அளவுக் கரண்டி கிடையாது. கடிகாரம் பார்ப்பதும் கிடையாது. "கண்ணு பார்க்கும், கை செய்யும், மூக்குதான் முடிவு பண்ணும்" என்பாள். ஓவனில் கேக்கை வைத்துவிட்டு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பாள். திடீரென்று, யாரோ கூப்பிட்டதைப் போல, கையிலிருந்த துணியைக் கொடியிலேயே போட்டுவிட்டு இறங்கி வருவாள். கேக் அந்த நிமிடம்தான் பதமாக வெந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து குறிப்புக் கேட்டிருக்கிறார்கள். அவளும் மறைக்காமல் சொன்னாள்: "பட்டை வாசனை முன்னால வரணும், ஜாதிக்காய் பின்னால வரணும். அப்ப நிறுத்திடுங்க." அவர்கள் நோட்டை மூடிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

கிறிஸ்துமஸ் சாப்பாடு ஒன்பது வருடமாக அவள் வீட்டில்தான். பதினோரு பேர். அதற்கு முன்னால் அது அவள் நாத்தனார் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. நாத்தனார் பெயிண்டருக்கு ஒரே தங்கை, ஒரு பள்ளிக்கூடத்தின் ரசாயன ஆய்வகத்தில் உதவியாளர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். ஒரு வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்ததால் பார்சலக்கா சமைத்தாள். சாப்பிட்டு முடித்த பெரியப்பா, அதாவது பெயிண்டரின் அப்பாவுக்கு அண்ணன், ஏப்பம் விட்டபடி, "இத்தனை வருஷமா இதைத் தெரியாம எங்கேயோ சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கோமே" என்று சொல்லிவிட்டார். எங்கேயோ என்றது எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடத்திலிருந்து நாத்தனார் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, சாப்பிட்டு, "நல்லா இருந்துச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். சண்டை என்று எதுவும் இல்லை. சமையலறை நிலைப்படியை மட்டும் அவள் தாண்டுவதில்லை.

இந்த வருடம் நவம்பர் கடைசியில் பார்சலக்காவுக்கு ஒரு ஜலதோஷம் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த ஜலதோஷம்தான். நான்கு நாள் தும்மினாள், ஐந்தாம் நாள் வேலைக்குப் போனாள். ஆறாம் நாள் சாயந்திரம், கேக்குக்காக ஊறப் போட்டிருந்த உலர்ந்த பழங்களின் ஜாடியைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

ஜாடியில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தாள். ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டாள், இனிப்பாக இருந்தது. எதுவாகவும் இல்லாத வெறும் இனிப்பு. கிராம்பு டப்பாவைத் திறந்தாள். காப்பித் தூளைத் திறந்தாள். பூண்டை நசுக்கி விரலை மூக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்கருகே பிடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வாசனை வரவில்லை.

டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சளியில் நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்ப வரும், சிலருக்கு வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் என்றார். தினமும் காலையிலும் மாலையிலும் நாலு விதமான வாசனைப் பொருளை மோந்து பழகச் சொன்னார்.

"வராமலே போயிடுமா டாக்டர்?"

"அபூர்வமா அப்படியும் ஆகலாம்."

"அபூர்வம்தானே" என்று எழுந்துவிட்டாள். அவளுக்குத் தபால் துறையில் ஒரு நம்பிக்கை உண்டு. "அனுப்பினது வந்து சேரும். லேட்டாகும், தொலையாது."

ஆனால் வீட்டில் அவள் மூச்சு விடவில்லை. பயம் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வேறென்ன சொல்வது? டிசம்பர் முதல் வாரம். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மகள், "இந்த வருஷம் வெளியில வாங்கிக்கலாம்மா" என்பாள். பெயிண்டர், "தங்கச்சிகிட்ட சொல்லட்டுமா?" என்பார். அந்த இரண்டாவதை நினைத்தாலே அவளுக்கு ஜாடி மூடியை இறுக்கி மூட வேண்டும்போல இருந்தது.

எப்போதும் போலவே நடந்துகொண்டாள். கவுண்டரில் பார்சலை முகத்தருகே கொண்டுபோவதை விடவில்லை. கனத்தையும் குலுங்கும் சத்தத்தையும் வைத்து, பத்துக்கு ஏழு சரியாகச் சொன்னாள். தப்பாகப் போன மூன்றுக்கு, "நீங்க மாத்தி வச்சிருப்பீங்க" என்றாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் பிஸ்கட் சுட்டாள். நிறம் பார்த்து எடுத்தாள். பொன்னிறமாக, அச்சில் வார்த்தது போல வந்தது. பெயிண்டர் நான்கு சாப்பிட்டார். மகள் ஒன்று சாப்பிட்டுவிட்டு, படிக்க வேண்டும் என்று எழுந்து போனாள். நாலு சாப்பிட்டாரே என்ற தெம்பில் மறுநாள் ஒரு டப்பாவை அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். சைக்கிளில் பை மாட்டிக்கொண்டு கிளம்ப இருந்த தபால்காரர் ஒன்றை வாயில் போட்டு மென்றார். மெல்லும் வேகம் மெல்ல மெல்லக் குறைந்தது.

"என்னக்கா, வெங்காயம் போட்டிருக்கீங்களா? இனிப்பு பிஸ்கட்ல?"

ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் அரை வெங்காயத்தை மூடாமல் வைத்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு நாளாக. முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

"ஆமா. இந்த வருஷம் புதுசு."

"நல்லாதான் இருக்கு" என்றார் தபால்காரர், டப்பாவை மூடியபடி.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து, மீதி பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகத் தின்று பார்த்தாள். மொறுமொறுப்பு இருந்தது, இனிப்பு இருந்தது, உப்பு சரியாக இருந்தது. வெங்காயம் மட்டும் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை. நாலு சாப்பிட்டாரே, ஒரு வார்த்தை சொன்னாரா இந்த மனுஷன் என்று கணவர் மீது கோபம் கோபமாக வந்தது. கேட்கவும் முடியாது. கேட்டால் தெரிந்துவிடும்.

அந்த வாரச் சனிக்கிழமை நாத்தனார் வந்தாள். கையில் பை எதுவும் இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது. பார்சலக்கா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் கொட்டைகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். குளிருக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தாள். பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. கேஸ் குமிழ் திறந்தபடியே இருந்தது. அறை இருட்டிக்கொண்டு வந்ததால் அவள் விளக்குப் போட எழுந்து, சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அண்ணி, கையை எடுங்க. சுவிட்சைத் தொடாதீங்க."

குரல் உயரவில்லை. ஆய்வகத்தில் நாற்பது பிள்ளைகளை நிறுத்தி வைக்கும் குரல் அது. பார்சலக்காவின் கை அந்தரத்தில் நின்றது. ஒன்பது வருடமாகத் தாண்டாத நிலைப்படியைத் தாண்டி நாத்தனார் உள்ளே வந்தாள். குமிழை மூடினாள், சிலிண்டரை மூடினாள், இரண்டு ஜன்னலையும் விரியத் திறந்தாள், அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து வாசற்படிக்கு அழைத்து வந்து உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ ஒரு வீட்டு வாசலில் ஏணி போட்டுச் சரவிளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார் கேட்டாள்: "மூக்கு எத்தனை நாளா இல்ல?"

"எந்த மூக்கு?"

"அண்ணி."

"ஜலதோஷம் வந்ததுல இருந்து. மூணு வாரம் இருக்கும்." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர் வரும்னு சொல்லியிருக்கார். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதே."

"நான் எதுக்குச் சொல்றேன்."

இதோ வரப்போகிறது என்று பார்சலக்கா காத்திருந்தாள். ஒன்பது வருடத்து ஆரஞ்சுப் பழம் மொத்தமும் இப்போது தலையில் கொட்டப்போகிறது. கொட்டட்டும், உயிர் மிச்சம்.

"கேக் என்னிக்குப் போடறீங்க?" என்றாள் நாத்தனார்.

"புதன்கிழமை. லீவு சொல்லியிருக்கேன்."

"எங்களுக்கும் பள்ளிக்கூடம் லீவு. நான் வரேன். சமைக்க இல்ல. மோந்து பார்த்துச் சொல்ல."

பார்சலக்கா சற்று யோசித்தாள். உயிரைக் காப்பாற்றியவளிடம் பேரம் பேசலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. எதையெதை விட்டுக்கொடுக்க முடியாது என்று யோசித்தாள்.

"கரண்டியைத் தொடக் கூடாது."

"தொடல."

"உப்பைப் பத்திப் பேசக் கூடாது. உப்பு என் நாக்குக்குத் தெரியுது."

"பேசல."

"சரி, வா."

புதன்கிழமை வந்த நாத்தனார் ஆய்வக வழக்கத்தை விடவில்லை. எதையும் நேராக மூக்கில் வைக்கமாட்டாள். பாத்திரத்தைத் தள்ளிப் பிடித்து, உள்ளங்கையால் வாசனையைத் தன் பக்கம் வீசிக்கொள்வாள், யாரையோ வா வா என்று அழைப்பதைப்போல. முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு வெண்ணெய்ப் பொட்டலத்தை ஒதுக்கினாள். "இது காறிப்போச்சு." பார்சலக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குப்பைக்கூடையில் போட்டாள்.

டாக்டர் சொன்ன பயிற்சியையும் நாத்தனார் கையில் எடுத்துக்கொண்டாள். கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித் தூள், சோம்பு என்று நான்கு சின்ன புட்டிகள், ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி. அண்ணியைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"காப்பி" என்றாள் பார்சலக்கா, ஆணித்தரமாக.

"எலுமிச்சை."

"அடுத்தது கிராம்பு."

"அதுவும் எலுமிச்சைதான். உங்களைச் சோதிக்க ரெண்டாவது தடவை காட்டினேன்."

"மூணாவது காப்பி. நான் சொன்னா சொன்னதுதான்."

அது காப்பியாகவே இருந்தது. "தெரிஞ்சுதா?" என்று நாத்தனார் ஆவலோடு கேட்டாள். "இல்ல. எப்படியும் ஒரு தடவை காப்பி வந்தாகணும்ல" என்றாள் பார்சலக்கா. நாத்தனார் சிரித்ததில் நான்காவது புட்டி கைதவறி உருண்டு மேசைக்கடியில் போயிற்று. அந்தச் சமையலறையில் அவள் சிரித்து ஒருவரும் கேட்டதில்லை.

மாவு சலிக்கும்போதுதான் நாத்தனார் அதைச் சொன்னாள். வேலைக்கு நடுவில், தலையைத் தூக்காமல், கொட்டைகளில் தோல் பொறுக்கிக்கொண்டே.

"அந்த வருஷம் பெரியப்பா அப்படிச் சொன்னப்ப, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணி."

"என்ன சொல்லியிருக்கணும்?"

"'அவளும் நல்லாத்தான் செய்வா'ன்னு."

பார்சலக்கா சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மாவு முழுவதும் விழுந்த பிறகும் தட்டினாள்.

"தோணல. பொய் சொல்லக் கூடாது, அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. வேற எதுவுமே தோணல."

நாத்தனார் தலையசைத்தாள். பதிலில் மன்னிப்பு இல்லை; உண்மை இருந்தது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்ததுபோலத் தெரிந்தது. "அந்தக் கிண்ணத்தை இப்படித் தள்ளுங்க" என்றாள்.

கேக் ஓவனுக்குள் போன பிறகு இருவருக்கும் ஒரு சண்டை வந்தது. முக்கால் மணி நேரம் ஆனதும் நாத்தனார், "நல்லா மணக்குது. எடுத்துடலாம்" என்றாள். பார்சலக்கா முழங்காலிட்டு ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்து காதைச் சாய்த்தாள். இந்த மூன்று வாரத்தில் அவளுக்குப் பல விஷயங்கள் புரிந்திருந்தன. வெங்காயம் வதங்கும்போது முதலில் சளசளக்கும், பிறகு முணுமுணுக்கும். ரொட்டி வெந்துவிட்டால் அடியில் தட்டும்போது பானை மாதிரி ஒலிக்கும். வேகாத கேக் உள்ளுக்குள் இரைந்துகொண்டே இருக்கும். "இன்னும் பேசிக்கிட்டு இருக்கு. எடுக்கக் கூடாது" என்றாள். நாத்தனார் கையால் வாசனையை இழுத்து, "வெந்துடுச்சு அண்ணி, கருகிடும்" என்றாள். "கருகாது." பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை காது கொடுத்தாள். "வாயை மூடிடுச்சு. இப்ப எடு." குச்சியைக் குத்தி எடுத்தால் சுத்தமாக வந்தது. ஓரம் கேக் தகரத்தை விட்டு ஒரு நூல் அளவு விலகியிருந்தது. நாத்தனார் அந்தக் குச்சியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காதால சமைக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றாள்.

கரண்டி விஷயத்தில் விதித்த சட்டம் எந்த நிமிடத்தில் காலாவதியானது என்று இருவருக்குமே தெரியாது. கிறிஸ்துமஸ் அன்று காலை ஓவனில் இரண்டு முழுக் கோழிகள் வெந்துகொண்டிருந்தபோது, அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தது நாத்தனார்தான். எலும்பை வறுத்து, கொதிக்க வைத்து, வடிகட்டி, மாவைக் கரைத்து விடுகிற கெட்டிக் குழம்பு. அது முன்பு நாத்தனார் வீட்டு விருந்தில் வைத்த அதே குழம்பு. அண்ணி பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டு, "உப்பு ஒரு சிட்டிகை" என்று மட்டும் சொன்னாள்.

மதியம் பதினோரு பேரும் உட்கார, பார்சலக்கா பரிமாறினாள். பெரியப்பா குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடித் திறந்தார்.

"வருஷத்துக்கு வருஷம் உன் கைப்பக்குவம் ஏறிக்கிட்டே போகுதும்மா. இந்தக் குழம்பு இருக்கே, இது மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல."

பார்சலக்கா கையிலிருந்த பாத்திரத்தை மேசையில் வைத்தாள். நாத்தனார் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டிருக்கீங்க பெரிய மாமா. நிறைய வருஷம் சாப்பிட்டிருக்கீங்க. அது இவ வச்ச குழம்பு" என்றாள் பார்சலக்கா. "இன்னொன்னும் சொல்லிடறேன். எனக்கு ஒரு மாசமா வாசனையே தெரியல. இந்த மேசையில இருக்கிற எல்லாத்தையும் மோந்து பார்த்துச் சொன்னது இவதான். இவ எப்பவும் நல்லாத்தான் செய்வா. ஒன்பது வருஷம் முன்னாலயே நான் சொல்லியிருக்கணும்."

அவள் எதிர்பார்த்த 'ஐயோ' எங்கிருந்தும் வரவில்லை. மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்களுக்குத் தெரியும்மா."

பார்சலக்கா கணவரைப் பார்த்தாள். பெயிண்டர் கோழி எலும்பில் மிகவும் கவனமாக இருந்தார்.

"பிரஷ் துடைக்கிற டர்பன்டைன் துணியை மறந்துபோய் பாத்ரூம்ல போட்டுட்டேன்" என்றார் கடைசியில். "மூணு நாள் கிடந்துச்சு. எனக்கே தலை வலிச்சது. நீ ஒண்ணுமே சொல்லல. அப்பவே தெரிஞ்சுடுச்சு."

"கேட்க வேண்டியதுதானே?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். வேலைக்குப் போறப்ப தினம் கேஸை ஒரு தடவை பார்த்து மூடிட்டுப் போவேன். சனிக்கிழமை மத்தியானம் என்னமோ மனசு கேக்கல. இவளுக்கு போன் பண்ணி, சும்மா போய்ப் பார்த்துட்டு வா, எதுவும் கேட்காதேன்னு சொன்னேன்."

"நான் கேட்டுட்டேன்" என்றாள் நாத்தனார்.

பார்சலக்கா ஒருவர் மாற்றி ஒருவராக எல்லாரையும் பார்த்தாள். ஒரு மாதமாகத் தான் கட்டிக் காத்த ரகசியம் ஊர்ப் பொதுச் சொத்தாக இருந்திருக்கிறது. கோபப்பட இடம் தேடினாள், கிடைத்ததோ வேறொன்று.

"அப்ப, தெரிஞ்சேதானா அந்த வெங்காய பிஸ்கட்டைத் தின்னீங்க?"

"நாலு" என்றார் பெயிண்டர்.

பெரியப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. மகள் அவர் தலையில் தட்டினாள். பார்சலக்கா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விருந்து நாளில் எல்லாரும் கை கழுவிய பிறகுதான் அவள் உட்காருவது. அதுவும் சமையலறையில், பாத்திரத்தோடு. அன்று நாத்தனாருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எல்லோரும் இன்னும் பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போதே உட்கார்ந்தாள். குழம்புப் பாத்திரத்தை நாத்தனார் பக்கம் நகர்த்திவிட்டு, தன் காலித் தட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினாள்.